மிலானின் கண்ணாடிக்கூரைக் கடைவீதியும் ஹட்டனின் மழையும்

கேள்வி: மிலானில் வேலை செய்யும் என் அக்கா அங்குள்ள கண்ணாடிக்கூரைக் கடைவீதியின் படங்களை அனுப்பியிருந்தார். அதை ஏன் அந்த நகரத்தின் அடையாளம் என்கிறார்கள்? விலையுயர்ந்த கடைகள் நிறைந்த ஒரு கட்டடம்தானே? மழை ஓயாத நம் இலங்கை மலையகத்து ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அப்படி ஒன்றைக் கட்டினால் நமக்கும் ஓர் அடையாளம் கிடைக்காதா?

பதில்:

தம்பி, நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். அக்கா அங்கே ஏதாவது வாங்கினாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வாங்கியதாகத் தெரியவில்லை. நடந்திருக்கிறார், அண்ணாந்து பார்த்திருக்கிறார், படம் எடுத்துக்கொண்டு மறுபக்கத்தால் போயிருக்கிறார். ஒரு சதம்கூடச் செலவழிக்காதவரும் தலை நிமிர்ந்து நடந்துபோகக்கூடிய பொதுத்தெரு அது. அந்தத் தெருவின் இரண்டு பக்கத்திலும் கடைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கடைகளுக்காகப் போட்ட கூரை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் அதன் பெருமை பிடிபடாது.

அதன் பெயர் கலேரியா விட்டோரியோ இமானுவேலே. ஐக்கிய இத்தாலியின் முதல் மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலேயின் பெயர். ஒரு முனை துவோமோ என்னும் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் திறக்கிறது. மறுமுனை ஸ்காலா இசைநாடக அரங்கின் சதுக்கத்தில் திறக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள், பாட்டுக் கேட்கப் போகிறவர்கள், நகரசபைக்கு அலுவலாகப் போகிறவர்கள் எல்லோரும் எப்படியும் கடக்க வேண்டிய இடம். முன்பு இந்த இரண்டு சதுக்கங்களுக்கும் இடையில் நெருக்கியடித்த பழைய வீடுகளும் சந்துகளும்தான் இருந்தன. கலேரியாவுக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. கடைகள் மூடிய பிறகும் குறுக்கே நடந்துபோகலாம்.

கட்டிய கதை சுவையானது. 1859இல் ஒஸ்திரியாவின் ஆட்சி நீங்கியதும் மிலானுக்குப் புதுத் தெம்பு வந்தது. பேராலயத்தைச் சுற்றிய பழைய குடியிருப்புகளை இடித்து, புதிய நாட்டுக்கு ஏற்ற நகர மையம் ஒன்றை அமைக்க ஆசைப்பட்டார்கள். ஆசை இருந்தது, காசு இல்லை. லொத்தர் நடத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்த தொகை சேரவில்லை. பல திட்டங்கள் போட்டியிட்டு, கடைசியில் 1863இல் ஜுசெப்பே மெங்கோனி என்ற கட்டடக்கலைஞரின் திட்டம் தெரிவானது. பணம் போட்டுக் கட்ட முன்வந்தது ஓர் ஆங்கிலேயக் கம்பனி. மிலானை மேம்படுத்துவதற்கென்றே அந்த நகரத்தின் பெயரில் தொடங்கிய கம்பனி அது. 1865 மார்ச் 7ஆம் திகதி மன்னரே வந்து அடிக்கல் நாட்டினார். 1867 செப்டெம்பர் 15ஆம் திகதி திறந்துவிட்டார்கள். இந்தக் காலத்து நெடுஞ்சாலைத் திட்டங்களைப் பார்த்து நொந்துபோன நமக்கு அந்த வேகத்தை நம்பக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் கம்பனி நொடித்துப்போயிற்று. 1869இல் நகரசபை முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இன்றும் அது நகரசபைச் சொத்து. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1867 என்றதும் மலையகத்தவருக்கு வேறு இரண்டு காரியங்கள் நினைவுக்கு வரும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் பாதை வந்துசேர்ந்தது அந்த ஆண்டில். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே ஆண்டில்தான். இவற்றுக்கும் மிலானுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலேயப் பணம் லாபம் தேடி உலகமெங்கும் அலைந்த காலம் அது. ஓரிடத்தில் கண்ணாடிக்கூரை, இன்னோரிடத்தில் கோப்பித் தோட்டம். கண்டிச் சீமைக்கு வந்த பாதையில் கல் உடைத்து மண் சுமந்தவர்கள் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திறந்துவிட்டார்களே தவிர, பேராலயப் பக்கத்துப் பெரிய தோரணவாயில் முடிய இன்னும் பத்தாண்டு பிடித்தது. அது முடிகிற தறுவாயில், 1877 டிசெம்பர் 30ஆம் திகதி, வேலையைப் பார்வையிடச் சாரத்தில் ஏறிய மெங்கோனி தவறி விழுந்து இறந்தார். வயது 48. மனம் நொந்து தானே குதித்தார் என்றும் அந்நாளில் பேசிக்கொண்டார்கள். விபத்து என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்து நாள் கழித்து, 1878 ஜனவரி 9ஆம் திகதி, பெயருக்குரிய மன்னரும் கண்ணை மூடினார். கட்டியவரும் சரி, பெயர் கொடுத்தவரும் சரி, முழுமையாக முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை.

அமைப்பைச் சொல்கிறேன். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். நீண்ட கை சுமார் 196 மீற்றர், குறுக்குக் கை சுமார் 105 மீற்றர். தெருவின் அகலம் ஏறத்தாழ 14.5 மீற்றர், இரண்டு லொறிகள் எதிரெதிரே தாராளமாகப் போகலாம், அத்தனை அகலம். இரண்டு கைகளும் சந்திக்கும் இடத்தில் எண்கோண முற்றம். அதற்கு மேல் இரும்பும் கண்ணாடியுமான குவிமாடம், உச்சி 47 மீற்றர். நம் பக்கத்துத் தேயிலை இஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், நான்கைந்து மாடி எழும்பி நிற்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தாலும் மேலே எவ்வளவோ இடம் மிஞ்சும். கூரையின் இரும்பு வேலையைச் செய்துகொடுத்தது பாரிஸில் இருந்த ஒரு பட்டறை.

இப்படிப்பட்ட கடைவீதிகளில் மிலான்தான் முதலாவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியே தொடங்கிய பழக்கம் அது. பாரிஸின் தெருக்களில் அப்போது நடைபாதை என்று பெரும்பாலும் இருக்கவில்லை. சேறும் சாணமும் குதிரைவண்டியும்தான். நல்ல உடுப்போடு கடைக்கு வரும் பெண்கள் எங்கே நடப்பது? வீடுகளுக்கு நடுவே ஒரு வழியை வெட்டி, மேலே கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் கடை வைத்தார்கள். 1800இல் திறந்த பசாஜ் தே பனோரமா இன்றும் அங்கே இருக்கிறது. லண்டனில் 1819இல் பேர்லிங்டன் ஆர்கேட் வந்தது. கட்டியவர் ஜோர்ஜ் கவெண்டிஷ் என்ற பிரபு. பக்கத்துச் சந்தில் போகிறவர்கள் சிப்பி ஓடுகளைத் தன் தோட்டத்துக்குள் வீசுவது பொறுக்காமல் அந்த இடத்தில் இதைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அங்கே சீருடைக் காவலர்கள் உண்டு. சீட்டியடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, குடை விரிக்கக் கூடாது என்பது சட்டம். இரவில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். பிரசல்ஸில் 1847இல் இதைவிடப் பெரிய ஒன்று திறந்தது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி மாளிகை எழுப்பிய பிறகு, எவ்வளவு பெரிய இடத்தையும் இரும்பாலும் கண்ணாடியாலும் மூடலாம் என்ற துணிவு எல்லோருக்கும் வந்துவிட்டது. பாக்ஸ்டன் தொழிலால் தோட்டக்காரர், செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளைக் கட்டிப் பழகியவர் என்பதையும் சொல்ல வேண்டும். பேராதனை, ஹக்கல பூங்காக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு.

அப்படியானால் மெங்கோனி செய்தது என்ன? ஒடுங்கிய சந்து போல இருந்ததை ஒரு முழுத் தெருவாக்கினார். அதற்கு முந்தியவை பெரும்பாலும் ஒடுக்கமான வழிகள், பிரபு ஒருவருக்கோ கம்பனி ஒன்றுக்கோ சொந்தமான இடங்கள். மெங்கோனியின் வழியில் இரண்டு பக்கமும் பெரிய வீதிகளில் இருப்பது போன்ற முழு உயர முகப்புகள், மாடிகளில் வீடுகளும் அலுவலகங்களும், கீழே தேநீர்ச்சாலைகளும் கடைகளும். வெயிலும் மழையும் நீங்கலாக ஒரு நகரத் தெருவில் இருக்கும் எல்லாம் இருந்தன. காம்பாரி என்ற மதுபானத்தை உருவாக்கிய குடும்பம் அங்கேதான் கடை வைத்திருந்தது. பிராடா என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனம் 1913இல் அங்கே தோல் பொருள் கடையாகத் தொடங்கியது. ஸ்காலாவில் பாட வாய்ப்புத் தேடும் பாடகர்களும் தரகர்களும் முற்றத்தில் கூடினார்கள். கைகலப்பும் நடந்தது; ஓவியர் போச்சோனி 1910இல் அப்படி ஓர் அடிதடியை வரைந்திருக்கிறார், படம் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மிலான்காரர்கள் அதைத் தங்கள் ஊரின் வரவேற்பறை என்று அழைப்பார்கள். வரவேற்பறையில் அடிதடி நடப்பதும் குடும்பங்களில் உள்ளதுதானே.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. மின்சாரம் வருவதற்கு முன் குவிமாடத்தின் அடிவளையத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் எரிவாயுச் சுடர்கள் இருந்தன. அவ்வளவு உயரத்தில் ஏணி வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைப்பது நடக்கிற காரியமா? வளையத்தை ஒட்டி ஒரு சின்னத் தண்டவாளம் போட்டு, அதில் சாவி கொடுத்தால் ஓடும் குட்டி எந்திரம் ஒன்றை விட்டார்கள். அது தீத்திரியைச் சுமந்துகொண்டு சுற்றிவர, சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். ஊரார் அதற்கு வைத்த பெயர் ரட்டின், அதாவது எலிக்குஞ்சு. மாலையில் அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கழுத்து வலிக்க மேலே பார்த்து நிற்பார்களாம். அது ஓடி முடிய நூறு பேர் கைதட்டியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஒரு பைசா செலவில்லாத வேடிக்கை. ஊர் ஒரு கட்டடத்தைத் தன்னுடையது என்று நினைக்கத் தொடங்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்கோண முற்றத்தின் மொசைக் தரையில் சவோய் அரச குடும்பத்தின் சின்னமும், தூரின், புளோரன்ஸ், ரோம், மிலான் ஆகிய நகரங்களின் சின்னங்களும் இருக்கின்றன. தூரினின் சின்னம் காளை. காளையின் விதைப்பகுதியில் குதிகாலை ஊன்றி மூன்று சுற்றுச் சுற்றினால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. போட்டி நகரமான தூரினைக் கிண்டல் செய்யக் கிளம்பிய பழக்கம் என்பார்கள். விளைவு, அந்த இடத்தில் கல் தேய்ந்து குழியாகிவிடும். நகரசபை மொசைக்காரரை அழைத்து நிரப்பும். மறுபடியும் குழி விழும். ரோமின் ஓநாயும் புளோரன்ஸின் லில்லிப் பூவும் முகம் கெடாமல் இருக்க, காளை மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அக்கா சுற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1943 ஓகஸ்ட் மாதக் குண்டுவீச்சில், கூரைக் கண்ணாடி நொறுங்கிப்போயிற்று. கட்டடமும் பலத்த சேதம். பழுதுபார்த்து முழுமையாகத் திரும்பத் திறக்க 1955 ஆயிற்று. அதற்கிடையில் அதை இடித்துவிட்டுப் புதிதாக ஏதாவது கட்டியிருக்கலாம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில் அதுதான் நடந்தது. மிலான் பழையதையே திருப்பி எடுத்தது.

நகரசபைச் சொத்து என்று முன்பு சொன்னேன் அல்லவா? அதன் பலனை இங்கே பார்க்கலாம். கடைகளுக்கு ஏலமுறையில் குத்தகை. ஒரே ஒரு கடைக்கே ஆண்டுக்கு மில்லியன் கணக்கான யூரோ கொடுக்கப் போட்டி போடுகிறார்கள். அந்தப் பணம் ஊர்ப் பணம். எந்தக் கடையானாலும் பெயர்ப்பலகை கறுப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். மக்டொனால்ட்ஸ்கூட அங்கே இருந்த காலத்தில் சிவப்பு மஞ்சளைக் கைவிட்டுக் கறுப்பும் பொன்னுமாகத்தான் இருந்தது. 2012இல் குத்தகை முடிந்து, அந்த இடம் பிராடாவுக்குப் போயிற்று. குறையும் உண்டு. குத்தகை ஏற ஏறச் சாதாரணக் கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறி, கைப்பையும் நகையுமே மிஞ்சுகின்றன. கோப்பிகூட நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் நெஞ்சைப் பிடிக்கிற விலை. நடப்பதற்கு மட்டும் இன்னும் விலை வைக்கவில்லை.

இதன் வழித்தோன்றல்கள் ஏராளம். நேப்பிள்ஸில் 1890இல் ஒன்று. மொஸ்கோவில் செஞ்சதுக்கத்தை ஒட்டி 1893இல் ஒன்று, அதன் கண்ணாடிக்கூரை பொறியியலாளர் ஷூகோவின் கைவண்ணம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து வணிக வளாகம் 1970இல் கலேரியா என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் போக கார் வேண்டும்.

இனி ஹட்டன், நுவரெலியா. மழைக்குப் பஞ்சமில்லை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் வட்டவளை, ஹட்டன் பக்கம் வானம் நாட்கணக்கில் திறந்தே கிடக்கும். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கியவர்கள், ஒரு கையில் அரிசிப் பை, மறு கையில் பிள்ளை என்று கடைத் தாழ்வாரங்களில் ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடைத் தகரத்துக்கும் அடுத்த கடைத் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். இரண்டு கூரைத் தண்ணீரும் சேர்ந்து கயிறு போல விழுவது அங்கேதான். நடக்கிறவர் அந்த இடத்தில் தலையைக் குனிந்தால் பின்கழுத்துக்குள் இறங்கும், நிமிர்ந்தால் முகத்தில் அடிக்கும். மூடிய வழியின் தேவை மிலானைவிட நமக்கே அதிகம்.

நுவரெலியாவை நான் முதலில் தள்ளிவிடுவேன். 1,868 மீற்றர் உயரத்துக் குளிருக்குக் கண்ணாடியினூடே வரும் வெயில் இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊர் பரந்து கிடக்கிறது. கூட்டம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நடக்கும் ஊர் அல்ல. தவிர, அங்கே அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஹோட்டலாக்கும் பேச்சு 2023இல் எழுந்தபோது தபால் ஊழியர்கள் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முத்திரை வாங்கவும் கடிதம் போடவும் எல்லோரும் உள்ளே போய்வந்த இடம் என்பதால்தான் அவ்வளவு கொதிப்பு. வெளியிலிருந்து மட்டும் பார்க்கிற கட்டடத்துக்கு யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள்.

பொருத்தம் என்று பார்த்தால் மலையகத்தில் கண்டிதான் முதலிடம். ரயில் நிலையம், அதையொட்டிய குட்செட் பஸ் நிலையம், மத்திய சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம் என்று ஒரு வழியில் மனிதர்கள் ஆறு போல ஓடுகிறார்கள். ஆனால் கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரம். எதைக் கட்டுவதானாலும் உயரம், தோற்றம் என்று கட்டுப்பாடுகள் உண்டு, இருக்கவும் வேண்டும். ஹட்டனில் அந்தச் சிக்கல் இல்லை. சிவனொளிபாதமலைப் பருவத்தில் இரவு ரயிலில் வந்திறங்கும் யாத்திரிகர்கள் மூட்டையும் கிழவர்களுமாக மஸ்கெலியாப் பக்கம் போகும் பஸ்ஸைத் தேடி நடக்கும் வழி இருக்கிறதே, ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்குமான அந்த வழியைத்தான் நான் தெரிவுசெய்வேன். இரண்டு பக்கமும் தேநீர்க்கடை, வடைக்கடை, கம்பளி விற்கும் கடை. கதவு கிடையாது. கண்டியிலும் கொழும்பிலும் உள்ள புதிய பல மாடி வணிக நிலையங்களில் வாசலில் காவலர் நிற்கிறார், இரவானால் கதவு விழுகிறது. அவற்றைக் குறை சொல்லவில்லை, அவை வேறு இனம்.

கட்டுமானம் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் அழகாக இருப்பதுதான் இங்கே முதலில் ஒழுகும். நம் மலையில் பகலில் ஈரக்காற்று, இரவில் கடுங்குளிர். குளிர்ந்த கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஈரம் துளியாகப் படிந்து, மழை இல்லாத நாளிலும் சொட்டும். அதைப் பிடித்து வடிக்க ஒவ்வொரு சட்டத்தின் உட்பக்கத்திலும் சின்ன வாய்க்கால் வேண்டும். உச்சியில் காற்றுப் போக வழி வேண்டும். மிலானில் இரண்டு முனையும் திறந்திருப்பதால் காற்றோட்டம் இயல்பாகவே கிடைக்கிறது. அடுத்தது பாசி. வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு போட்ட கூரைகளைப் பாருங்கள், இரண்டு மூன்று மழைக்காலத்தில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, வெளிச்சம் விடுவதை மறந்துவிடுகின்றன. கண்ணாடி மஞ்சளாகாது, ஆனால் கழுவ வேண்டும். கழுவுகிறவர் நடக்க மேலே இரும்புப் பாதை இல்லாத கண்ணாடிக்கூரையை யாரும் கட்ட விடாதீர்கள். உடைந்தாலும் தலையில் விழாத, நடுவே பிளாஸ்டிக் படலம் பதித்த பாதுகாப்புக் கண்ணாடியே போட வேண்டும், விலை கூடத்தான். சரிவான நிலம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி இல்லாமல் ஒரு தூணும் இறக்க முடியாது. கூரையிலிருந்து இறங்கும் அத்தனை தண்ணீரும் எந்த வடிகாணுக்குப் போகிறது, அந்தக் காண் கீழே எந்தத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டுக்குப் பின்னால் திறக்கிறது என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

முழு நீளத்துக்கும் கண்ணாடி தேவையே இல்லை என்பது என் எண்ணம். பக்கங்களுக்கு நல்ல தகரம், நடுவில் உச்சியை ஒட்டி ஓர் ஆள் அகலத்துக்குக் கண்ணாடிப் பட்டை. நம் இஸ்டோர்களைக் கட்டிய பழைய பொறியியலாளர்களும் இரும்புச் சட்டமும் தகரமும் நிறைய ஜன்னல்களும் வைத்துத்தான் மலையில் தாக்குப்பிடிக்கும் கட்டடங்களை எழுப்பினார்கள். பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இங்கேயே இருக்கின்றன.

யார் உரிமையாளர் என்ற கேள்விக்கு மிலான் பதில் சொல்லிவிட்டது. ஹட்டனிலும் இடம் நகரசபையிடமே இருக்க வேண்டும். கடைகளைக் குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தில் ஒரு பங்கைக் கூரைப் பராமரிப்புக்கென்று எழுத்தில் ஒதுக்க வேண்டும். முழுவதையும் முப்பது வருடத்துக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்துவிட்டால் முதல் வேலையாக வாசலில் கதவு வரும்.

கடைசியாக ஒன்று. மெங்கோனியின் திட்டத்துக்காக இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்வதில்லை. ஹட்டனில் அந்த வழியோரத்தில் இப்போதே மரக்கறியும் கீரையும் பரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிற பெண்கள். நகரசபையில் இந்தத் திட்டம் எப்போதாவது பேசப்பட்டால் அவர்களுக்கு எத்தனை இடம், என்ன வாடகை, கட்டி முடியும் வரை எங்கே விற்பது என்று முதல் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். பதில் கூட்ட அறிக்கையில் பதிவாகும் வரை உட்கார வேண்டாம்.